கையை விடுங்கள்

நேசமலர் விழும்போது வீட்டில் ஒரு பொருளும் உடையாது. அதுதான் முதலில் எல்லோருக்கும் சந்தேகத்தைக் கொடுத்தது. நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து, சுவரோடு சாய்ந்து, மெல்லக் கீழே போவாள். கண்கள் இறுக மூடியிருக்கும். பிறகு கையும் காலும் உதறத் தொடங்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. கீழ்வீட்டுப் பெண் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "விழுறதிலயும் ஒரு பக்குவம் இருக்குது பாருங்கோ" என்றாள். அன்றைக்கு நான் அவளைப் படியால் தள்ளிவிடாதது அந்தோனியார் செய்த புதுமை.

என் பெயர் மெற்றில்டா. கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துச் சங்கு ஊதும் நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் போனவள். சிங்களம் எனக்குத் தெருவிலேயே வந்தது. சிவபாலனை விரும்பிக் கலியாணம் முடித்ததால் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம் ஒன்றுக்கு மருமகளானேன். நேசமலர் அவருடைய ஒரே தங்கை. நாகேஸ்வரி மாமி அவருடைய அம்மா. தொண்ணூற்றேழாம் ஆண்டு நாங்கள் மூன்று பெண்களும் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் ஓர் அறையும் குசினியும் எடுத்து இருந்தோம். சிவபாலன் எங்களோடு இல்லை.

முந்தின வருஷம், வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்த தாயையும் தங்கையையும் கூட்டிவர அவர் வவுனியாவுக்குப் போனார். திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து அவரை மட்டும் இறக்கினார்கள். மாமி சீட்டிலேயே உறைந்து போயிருக்க, மலர் பின்னால் இறங்கி ஓடியிருக்கிறாள். ஆமிக்காரன் ஒருவன் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றானாம். அண்ணனை ஏற்றிய வாகனம் கண்ணுக்கு மறையும்வரை விடவில்லையாம். அதன்பிறகு அவரைக் கண்டவர் இல்லை. நான் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அதையெல்லாம் எழுதப் போனால் இந்தக் கதையும் முடியாது, என் கோபமும் அடங்காது.

மலருக்கு இருபது வயது. கொழும்புக்கு வந்து கொஞ்ச நாளிலேயே விழத் தொடங்கினாள். விழுந்ததும் வீடே அவள்மேல் பாயும். மாமி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கைக்குள் திணிப்பார். கீழ்வீட்டுக்காரி வெங்காயத்தை உடைத்து மூக்கில் பிடிப்பாள். ஒருவர் காலை அமத்த, ஒருவர் தோளை அமத்த, உதறல் கூடிக்கொண்டே போகும். உதறல் கூடக் கூட நாங்களும் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். எல்லாம் பாசத்தில்தான். காலி வீதியில் கிளினிக் வைத்திருந்த ஒரு டொக்டர் வலிப்புக்கென்று குளிசை கொடுத்தார். அதைப் போட்டுப் பகல் முழுக்கத் தூங்கினாள், எழும்பியதும் விழுந்தாள்.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் நரம்பு டொக்டர் சவுந்தரநாயகத்திடம் கொண்டுபோனேன். தலை முழுக்க வயர் ஒட்டி மூளையின் ஓட்டத்தைத் தாளில் கீறும் ஒரு சோதனை வைத்தார்கள். வயர் ஒட்டித் தாள் ஓடத் தொடங்கியபோது, கை அசைக்காமலிருக்கத் தாதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான். படுத்த கட்டிலிலேயே வந்துவிட்டது. தாதி பதறினாள். டொக்டர் மட்டும் மலரைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், மாமி என் சேலையைப் பிடித்து இழுத்ததால் வாயை மூடினேன்.

பிறகு எங்களைக் கூப்பிட்டு இருத்தினார்.

"இது வலிப்பில்லை அம்மா. அவ உதறினபோது மூளையின்ட ஓட்டத்தில ஒரு மாற்றமும் இல்லை. வலிப்பெண்டா இந்தக் கோடெல்லாம் குழம்பிப் போயிருக்கும்."

மாமியின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப டொக்டர், இவள் நடிக்கிறாளோ?"

"நடிப்பும் இல்லை." அவர் அதைச் சற்று உரத்தே சொன்னார். "கரண்ட் கூடினா வீட்டில ட்ரிப் சுவிட்ச் விழுகுதெல்லே. சுவிட்ச் நடிக்குதெண்டு சொல்லுவமா? தாங்க முடியாத ஒண்டை இந்தப் பிள்ளையின்ட மனம் கண்டிருக்கு. அந்த நேரம் திரும்ப வருகுதெண்டு உடம்பு நினைச்சா, அது தானே நிறுத்திப் போடுது. அவ வேணுமெண்டு செய்யேல்லை. வேண்டாமெண்டாலும் நிக்காது."

பிறகு எங்களை விட்டுவிட்டு மலரிடமே கேட்டார், விழுவதற்கு முந்தி என்ன வருகிறது என்று. வீட்டில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை, எல்லோரும் எங்களுக்குள்தான் கேட்டுக்கொண்டோம். அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"விரல் விறைக்கும். சத்தமெல்லாம் தூரத்துக்குப் போகும். பிறகு ஒண்டும் தெரியாது," என்றாள். "ஆரும் கையைப் பிடிச்சா உடனை வரும்."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாளும் அவளைப் பிடித்தது நாங்கள்தான் என்று டொக்டர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

குளிசையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தச் சொன்னார். இனி விழுந்தால் சாவியும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்கவும் வேண்டாம், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து, அவள் எங்கே இருக்கிறாள், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருங்கள், அது தானாக அடங்கும் என்றார். "முக்கியமா, பிடிக்காதீங்க. பிடிச்சா வளரும்." விரல் விறைக்கத் தொடங்கியதும் கால் இரண்டையும் நிலத்தில் நன்றாக ஊன்றி, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் பெயர் சொல்லச் சொல்லி மலருக்கும் பழக்கினார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கேயே ஒரு அம்மணியிடம் போய் மனம்விட்டுக் கதைக்கவும் ஏற்பாடு செய்தார்.

சொல்வது சுகம். பெற்ற பிள்ளை நிலத்தில் கிடந்து உதற, தாய் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதென்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நான் மாமியின் முகத்தில் பார்த்தேன். அவர் தன் ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "மலர், அம்மா இருக்கிறன். இது எங்கடை குசினி. அடுப்பிலை சோறு கொதிக்குது" என்று அழுதழுது சொல்வார். ஆனால் பலன் இருந்தது. முன்பு நீண்ட நேரம் கிடந்தவள் இப்போது கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். சில நாள் விறைப்பு வரும்போதே, "கதவு. விளக்குமாறு. மச்சாளின்ரை செருப்பு," என்று சொல்லிச் சொல்லி விழாமலே நின்றுவிட்டாள். நாங்கள் இரவுச் சாப்பாட்டில் மீண்டும் சிரிக்கப் பழகினோம்.

அந்த நிம்மதி பொறுக்காமல்தான் மாமி பாமன்கடையில் இருந்த ஒரு சாமியிடம் போய் அச்சரக்கூடு ஒன்று எழுதுவித்துக்கொண்டு வந்தார். செப்புத் தகட்டில் மந்திரம் கீறிச் சுருட்டி, விரல் நுனியளவு செப்புக் குழாய்க்குள் போட்டு, அரக்கு வைத்து அடைத்தது. கறுப்பு நூலில் கோத்திருந்தது. கழுத்தில் கட்ட வேண்டுமாம், நெஞ்சில் படவேண்டுமாம்.

"மாமி, உங்களுக்கென்ன விசரா?" என்றேன். "இந்தக் கொழும்பில ஒரு தமிழ்ப் பொம்பிளைப் பிள்ளையின்ட கழுத்தில கறுப்பு நூலும் குழாயும் தொங்கினா என்ன நினைப்பாங்க?"

"உம்மடை கழுத்திலை தொங்கிறது என்ன?"

என் கழுத்தில் அந்தோனியார் சுருவப் பதக்கம் தொங்கியது. தட்டையான பதக்கம், யாருக்கும் பயம் வராது என்று விளக்க முயன்றேன். மாமி கேட்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது.

"என்ரை பிள்ளையைத் தொடவும் கூடாது, இதையும் கட்டக் கூடாதெண்டால் நான் என்னத்தைத்தான் செய்யிறது, சொல்லும் பாப்பம்?"

 ஆனாலும் நான் விடவில்லை. அவர் அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வேலைக்குப் போனேன். வன்னியில் கழுத்தில் நஞ்சுக் குப்பி கட்டிய இயக்கப் பிள்ளைகளை நாள்தோறும் கண்டு வந்த மனுசிக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிறகு அதைத்தான் கேட்டேன். மாமிக்கு அது மருந்து. மருந்தைப் பார்த்து யாராவது நஞ்சென்று நினைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மலரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். கழுத்துவரை மூடிய சட்டை போட்டிருந்தாள். வெயிலுக்கு ஏனடி இது என்று கேட்க நினைத்தேன், பஸ் வந்துவிட்டது.

வெள்ளவத்தைப் பாலத்துக்குக் கிட்ட வழக்கம்போல பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நடந்து கடக்க வேண்டும். மற்ற நாட்களில் பையைத் திறந்து பார்த்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொல்வார்கள். அன்றைக்கு நகரத்தில் ஏதோ பயம். பெண்களை ஒவ்வொருவராகச் சாக்குப் படங்கு கட்டிய மறைப்புக்கு அருகே நிறுத்தி, புதிதாக வந்த ஒரு பொலிஸ்காரி உடம்பு தடவினாள். வரிசை நகரவில்லை. மலரின் முகம் வெளுத்து வருவதை நான் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வன்னியிலிருந்து வந்த இளம்பெண், அண்ணனை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், இந்த இடத்தில் விழுந்து உதறினால் இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஒருவரை அப்படிக் கொடுத்துவிட்டு ஒரு வருஷமாகக் கந்தோர் கந்தோராக அலைகிறேன். இன்னொருவரைக் கொடுக்க என்னால் முடியாது.

"மலர், காலை ஊன்று," என்றேன் மெல்ல.

அவள் ஏற்கெனவே தொடங்கியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "மண்மூட்டை. கம்பி. நீலச் சேலை. காகம். ரயில் சத்தம்." ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். நிறம் கொஞ்சம் திரும்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் போனேன். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

பொலிஸ்காரி சின்னப் பெண்தான். தோளைத் தடவினாள், முதுகைத் தடவினாள். சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் விரல் போனது. அங்கே நின்றது. இழுத்தாள். கறுப்பு நூல் வந்தது. நூலின் முனையில் அரக்கு வைத்த குழாய் வந்தது.

"மேக்க மொகத்த?" என்றாள், இது என்ன என்று.

மலர் வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை.  எனக்குத் தெரியாமல் இதைக் கட்டிவிட்ட மாமியை அந்த இடத்தில் சபித்தேன், அதை மறைக்கப்போவதில்லை.

"சயனைட்!" என்று பொலிஸ்காரி அலறிய அதே நேரம் மலரின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் சிங்களத்தில் நடந்தது. நான் தமிழிலேயே சொல்கிறேன். இரண்டு ஆமிக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் நூலை அறுத்துக் குழாயைத் தூரப் பிடித்துக்கொண்டு போய் மண்மூட்டைமேல் வைத்தான். மற்றவன் மலரின் தாடையைப் பிடித்தான், வாய்க்குள் இன்னொன்று இருக்கலாமென்று. அவள் கண் இறுக மூடிக்கொண்டு கீழே போனாள். போனவளின் கையைப் பொலிஸ்காரி விடவில்லை. உதறல் தொடங்கியது. அவர்கள் முழங்காலால் அவள் கையை நிலத்தோடு அமத்தினார்கள். வரிசையில் நின்றவர்கள் பின்னால் போய்ப் பாலத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பெரிய வெளி ஒன்று எங்களைச் சுற்றி உண்டாயிற்று.

"அதாரின்ன! கையை விடுங்க! பிடிச்சா கூடும்!" என்று கத்தினேன்.

"நீ யார்? தள்ளிப் போ!" ஒரு துவக்கு என் பக்கம் திரும்பியது.

"நான் அவளின்ட அண்ணன்ட பெண்சாதி. அது நஞ்சில்லை, மந்திரக் குழாய். நோய்க்குக் கட்டினது. டொக்டர் சொன்னவர், பிடிக்கக் கூடாதெண்டு."

"நோய்க்குக் கட்டினதாம்," என்றான் தாடையைப் பிடித்திருந்தவன். "நஞ்சு வேலை செய்யுது. அதுதான் உதறுகிறாள்."

அவன் அதை உண்மையாகவே நம்பினான். அவன் முகத்தில் பயம் இருந்தது. இவள் குப்பியைக் கடித்துவிட்டாள் என்றோ, இடுப்பில் குண்டு இருக்கிறதென்றோ அவன் நினைத்திருக்க வேண்டும். பயந்தவன் பிடித்த கையை எப்படி விடுவான்? அவன் விடாவிட்டால் இவள் எப்படி அடங்குவாள்? இவள் அடங்காவிட்டால் ஜீப்பில் தூக்கிப் போடுவார்கள். சாலையோரத்தில் ஜீப் நின்றது, ஒருவன் அதன் பின்கதவை ஏற்கெனவே திறந்துகொண்டிருந்தான்.

அந்தக் கதவு திறந்த சத்தத்தில் எனக்கு மூளை போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். மண்மூட்டை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குழாயை எடுத்தேன். வாய்க்குள் போட்டேன். கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

மூன்று துவக்குகள் என்னைப் பார்த்தன. யாரோ "சுடாதே!" என்று கத்தினார்கள். செப்பு நசிந்தது. என் பல்லும் ஒரு துண்டு உடைந்தது. அரக்கும் விபூதியும் கற்பூரமுமாக வாயெல்லாம் கசந்தது. பாமன்கடைச் சாமி உள்ளே வேறென்ன போட்டாரோ என்று அந்த நிமிஷத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அவரை நம்பி உயிரைக் கொடுக்கிறேனே என்று கோபமும் வந்தது.

எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் துப்பி, சுட வேண்டாமென்று கத்திய சார்ஜன்டிடம் நீட்டினேன். நரைத்த மீசை. தகப்பன் வயது. நசிந்த குழாயும், ஒரு சின்னச் செப்புச் சுருளும், சாம்பலும், என் பல்லின் துண்டும்.

"நஞ்செண்டா நான் இப்ப சாகவேணும், மாத்தயா. பார்த்துக்கொண்டு நில்லுங்க."

அவர் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தை, கண்ணை, உதட்டை. நானும் நின்றேன். கீழே மலரின் குதிக்கால் தாரில் அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மனிதர் நான் சாகிறேனா என்று காத்திருந்ததும், நான் சாகவில்லை என்று காட்டக் காத்திருந்ததும் அன்றைக்குத்தான்.

"அவள் நடிக்கிறாளா?" என்று கேட்டார் கடைசியில்.

"இல்லை."

"வலிப்பா?"

"வலிப்பும் இல்லை. டொக்டர் படம் பிடிச்சுப் பார்த்தவர். இவளின்ட அண்ணனைக் கண்ணுக்கு முன்னால ஏத்திக்கொண்டு போனாங்க. இவளின்ட கையைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. அதுக்குப் பிறகு ஆர் கையைப் பிடிச்சாலும் உடம்பு இப்படிச் செய்யுது."

"வலிப்பும் இல்லை, நடிப்பும் இல்லையென்றால் பிறகு என்ன?"

வீட்டில், ஒழுங்கையில், ஆஸ்பத்திரி வாசலில் நூறு பேர் என்னிடம் கேட்ட கேள்வி. என் பொறுமை முடிந்துபோயிருந்தது.

"உங்கட பொடியன்கள் வடக்கில இருந்து வாறாங்களே, அவங்களில ஒருத்தனும் இப்படி விழுறதில்லையா?"

 அவர் என் உள்ளங்கையில் இருந்த சாம்பலைப் பார்த்தார். தாடையைப் பிடித்திருந்தவனும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

"ஒருவன் இருக்கிறான்," என்றார் சார்ஜன்ட் மெல்ல. "தகரம் விழுந்தால் அவனும் விழுவான். நாங்கள் தண்ணீர் ஊற்றுவோம்."

"ஊத்தாதீங்க."

அவர் திரும்பி, "விடுங்கள்," என்றார். அவர்கள் விடவில்லை. "கையை விடச் சொன்னேன்," என்றார் இன்னொருதரம், உரத்து.

முதலில் தாடையை விட்டார்கள். பிறகு ஒரு கை. பொலிஸ்காரி பிடித்திருந்த மற்றக் கை கடைசியாக விடுபட்டது. துவக்குகள் இன்னும் அவளைப் பார்த்தபடிதான் இருந்தன. நான் என் பையை அவள் தலைக்குக் கீழே தள்ளிவிட்டு, தொடாமல், பக்கத்தில் தாரில் குந்தினேன். என் குரலை எங்கிருந்து எடுத்தேனோ தெரியாது, குசினியில் மாமி கதைப்பதுபோல வந்தது.

"மலர், நான் மெற்றில்டா. மச்சாள் இருக்கிறன். இது வெள்ளவத்தைப் பாலம். செவ்வாய்க்கிழமை. வெயில் அடிக்குது. கடல்காத்து வருது. ஒருத்தரும் உன்ட கையைப் பிடிக்கேல்லை. கை ரெண்டும் உன்னட்டத்தான் இருக்கு."

உதறல் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற இளம் ஆமிக்காரன் பொறுமையில்லாமல் கால் மாற்றினான். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பாலம், வெயில், கடல், கை. ஒரு ரயில் தெற்கே கல்கிசைப் பக்கம் போனது, அதையும் சொன்னேன். மெல்ல மெல்லக் குதிக்கால் அடிப்பது நின்றது. தோள் தளர்ந்தது. பிறகு அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

அவள் கண் திறந்தபோது முதலில் கண்டது துவக்கைத்தான். மறுபடியும் போய்விடுவாள் என்று நான் பயந்தேன்.

"மண்மூட்டை," என்றாள். குரல் உடைந்திருந்தது. "கம்பி. சப்பாத்து. மச்சாள்."

அதோடு விட்டிருந்தார்களென்றால் எவ்வளவு நல்லது. விடவில்லை. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் வாங்கி, யாருக்கோ வயர்லெஸ்ஸில் வாசித்தார்கள். பதில் வரும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். பதில் வந்த பிறகு சார்ஜன்ட் சொன்னார், சோதனை முடியவில்லை, அதை முடிக்காமல் அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை, அந்தப் பிள்ளை மறைப்புக்குள் தனியாக வரவேண்டும் என்று.

"நானும் வாறன்," என்றேன்.

"முடியாது."

இதற்குமேல் கடிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பொலிஸ்காரியிடம் சொல்ல வாயைத் திறந்தேன், இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று. மலர் எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குப் போய்ப் பாண் வாங்குமளவுதான். அந்தச் சிங்களத்திலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, பொலிஸ்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கை பிடிக்க வேண்டாம். எங்க தொடுறீங்க எண்டு முதல்ல சொல்லுங்க. நான் ஓடமாட்டேன்."

பொலிஸ்காரி சார்ஜன்டைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். அவள் படங்கை விலக்கினாள், மலர் தானாகவே உள்ளே போனாள்.

அந்தப் படங்கின் வெளியே நான் நின்ற நேரம்போல என் வாழ்நாளில் இன்னொன்று வேண்டாம். சிவபாலனை இறக்கியபோது நான் அங்கே இல்லை. அந்தப் பஸ்ஸடியில் நின்றவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று ஒரு வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது தெரிந்தது. உள்ளேயிருந்து பொலிஸ்காரியின் குரல் கேட்டது. "தோள்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "முதுகு." பிறகு, "இடுப்பு." மலரின் குரல் ஒவ்வொன்றுக்கும் "ஹரி" என்றது, சரியென்று. ஒரு இடத்தில் பதில் வரவில்லை. நான் படங்கைக் கிழித்துக்கொண்டு போக அடியெடுத்து வைத்தேன். ஆமிக்காரன் துவக்கைக் குறுக்கே நீட்டினான். உள்ளே மலரின் செருப்பு இரண்டும் நிலத்தில் ஊன்றும் சத்தம் கேட்டது. "ஹரி," என்றாள் மலர்.

வெளியே வந்தாள். அட்டையைக் கொடுத்தார்கள். போகச் சொன்னார்கள்.

எங்கள் பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. பாலத்தை நடந்து கடந்தோம். வேகமாக நடக்கவில்லை, வேகமாக நடந்தால் கூப்பிடுவார்கள் என்று பயம். மண்மூட்டைகள் கண்ணுக்கு மறைந்து, மூடிக் கிடந்த ஒரு துணிக்கடை வாசலுக்கு வந்தபோது என் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை.  சுவரைத் தேடிக் கையை நீட்டினேன், சுவர் எட்டவில்லை.

மலர் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"மச்சாள், பிடிக்கட்டே?" என்றாள்.

இத்தனை நாளாக எத்தனை பேர் அவளைப் பிடித்திருக்கிறோம், ஒருவராவது அவளிடம் இதைக் கேட்டோமா என்று எண்ணிப் பார்த்தேன். கேட்டதில்லை.

"பிடி," என்றேன்.

அவள் பிடித்த பிறகுதான், சிவபாலன் போய் ஒரு வருஷத்துக்குப் பிறகு, காலி வீதியில் எல்லோரும் பார்க்க நான் வாய்விட்டு அழுதேன்.